இது எந்த ஊர்? காமினோ படங்களில் இடம் சொல்லும்போது நாம் சறுக்கும் விதங்கள்

கோவை நண்பர் ஒருவர் பிரான்ஸ் எல்லையில் உள்ள சான் ழான் பியே தெ போர் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா வரை, காமினோ என்னும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில், ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தார். கையில் இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள். ஒன்றில்கூட ஊர்ப் பெயர் குறித்து வைக்கவில்லை. "நீங்களும் போன வழிதானே, பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பினார்.

முதல் படத்தில் பச்சைப் பசேல் என்று வயல், நடுவே வெளிறிய மண்பாதை, மேலே மழை மேகம். யோசிக்கவே இல்லை, "கலீசியா" என்று பதில் போட்டேன். சாந்தியாகோ இருக்கும் வடமேற்கு மாநிலம் அது. அடுத்த படத்தில் அதே பாதை ஒரு மொட்டைக் குன்றை நோக்கித் திரும்புகிறது, குன்றின் உச்சியில் இடிந்த கோட்டை. அது காஸ்த்ரோஹெரிஸ் என்ற ஊர். நான் சொன்ன இடத்துக்கும் அதற்கும் நடுவே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். நடந்தே கடந்த வழியில் இப்படி ஒரு தவறு!

அன்றிலிருந்து இது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவர் படம் போடுவார், நான் ஊர் சொல்வேன். தோற்றுத் தோற்றுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: படத்தில் எது அழகாக இருக்கிறதோ அதைப் பார்த்து ஊர் சொன்னால் பெரும்பாலும் தப்பு. ஓரத்தில் தெரியும் கூரை, கல், தெருப்பலகை, நிழல் ஆகியவைதான் சாட்சி சொல்கின்றன.

நிறத்தை நம்புவது

பச்சை என்றால் கலீசியா, மஞ்சள் என்றால் மெசேத்தா. காமினோ பற்றி நாலு படம் பார்த்தவர் எல்லாரும் இப்படித்தான் மனதில் வைத்திருப்பார்கள். மெசேத்தா என்பது புர்கோஸ் நகரத்துக்கு மேற்கே விரியும் உயர்ந்த சமவெளி, கோதுமை நாடு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கோதுமை பச்சையாக அலையடிக்கும், ஓரமெல்லாம் சிவப்புப் பாப்பிப் பூ. ஜூலையில் பொன்னிறம், செப்டம்பரில் அறுத்துவிட்ட வெறும் தாள். தஞ்சாவூர் வயலை மார்கழியிலும் சித்திரையிலும் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள், ஊர் அப்புறம்.

திராட்சைத் தோட்டமும் இப்படித்தான். கண்ணில் பட்டதும் "ரியோஹா" என்று சொல்லத் தோன்றும். நவார்ராவில் எஸ்தேயா பக்கமும் திராட்சை உண்டு, வெகு தூரம் தாண்டி பியெர்சோவில் காகாபெலோஸ் சுற்றிலும் உண்டு. தோட்டத்தின் மண் செக்கச்செவேல் என்று இருந்தால், பின்னால் நாஹெராவின் செம்பாறையும் தெரிந்தால், ரியோஹா என்று துணிந்து சொல்லலாம். சுற்றிலும் மலை வளைத்து நின்றால் பியெர்சோவையும் யோசியுங்கள்.

தைல மரம் நமக்கு ஊட்டியிலிருந்தே பழக்கம் என்பதால் படத்தில் சட்டென்று அடையாளம் தெரிந்துவிடும். பிரெஞ்சு வழி என்று சொல்லப்படும் முக்கியப் பாதையில் அது அடர்த்தியாக வருவது கடைசி இரண்டு மூன்று நாள் நடையில்தான், அர்சூவா, பெத்ரோசோ பக்கம். ஆனால் கடலோரமாகப் போகும் வடக்கு வழியிலும் போர்ச்சுகல் வழியிலும் அது ஏராளம். மரத்தைப் பார்த்ததும் எந்த வழி என்ற கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

மஞ்சள் அம்பும் சிப்பியும்

படத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கிறது என்பதால் இது பிரெஞ்சு வழிதான் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. அந்த அம்புகளை 1980-களில் வரையத் தொடங்கியவர் ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வாலின்யா. சாலைப் பணியில் மிச்சமான பெயிண்ட்டைக் கேட்டு வாங்கி அடித்தார் என்று சொல்வார்கள். இன்று சாந்தியாகோ நோக்கிப் போகும் எல்லா வழிகளிலும் அதே மஞ்சள்தான். அம்பு சொல்வது "சாந்தியாகோ இந்தப் பக்கம்" என்பதை மட்டும்.

மஞ்சளுக்குப் பக்கத்தில் எதிர்த் திசையைக் காட்டும் நீல அம்பு ஒன்று இருந்தால் கதையே வேறு. அது பாத்திமா மாதா தலத்துக்குப் போகிறவர்களுக்கானது, ஆகவே போர்ச்சுகல் வழி. வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைகள் மட்டும் இருந்தால் பிரான்ஸ் பக்கம் யோசிக்கலாம். நெடுநடைப் பாதைகளுக்கான குறி அது. ஆனால் எல்லை தாண்டி ஸ்பெயினிலும் அதைப் பார்க்கலாம்.

யாத்திரையின் சின்னமாக வழியெல்லாம் பதித்திருக்கும் சிப்பி இன்னும் குழப்பும். அதன் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூடுமே, அஸ்தூரியாஸ் பகுதியில் அந்தக் கூடும் முனைதான் போகும் திசை. கலீசியாவின் பழைய கற்களில் நேர்மாறு, விரிந்த பக்கம் திசையைக் காட்டும். இது தெரியாமல் நடப்பவர்களே வழி மாறியிருக்கிறார்கள், படம் பார்ப்பவர் எம்மாத்திரம்.

கிலோமீட்டர் கல்

இதில்தான் மிகுந்த நம்பிக்கையோடு தோற்போம். கலீசியாவுக்குள் நுழைந்ததும் நீலச் சதுரத்தில் மஞ்சள் சிப்பி பதித்த கற்கள் வரும். கீழே சின்னத் தகட்டில் மீதித் தூரம் மூன்று தசம இலக்கம் வரை போட்டிருக்கும். படத்தில் 65 என்று தெரிந்தால் வரைபடத்தை எடுத்து "பாலாஸ் தே ரெய் பக்கம்" என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இதே கற்கள் போர்ச்சுகல் வழி, ஆங்கிலேய வழி, ஆதி வழி என்று கலீசியாவுக்குள் வரும் மற்ற பாதைகளிலும் நிற்கின்றன. போர்ச்சுகல் வழியில் 65-க்கு அருகே வருவது பொந்தேவேத்ரா நகரம். இரண்டும் வேறு வேறு திசை. எண் உதவும், வழி தெரிந்த பிறகு.

தகடே இல்லாத கல்லைப் பார்த்து "இது பழைய கல், வேறு வழி" என்று ஒருமுறை வாதாடினேன். தகட்டை யாரோ நினைவுப் பொருளாகப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். புனித யாத்திரை முடிகிற நேரத்தில் திருட்டு!

இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். பிரான்ஸ் எல்லையைத் தாண்டியதும் ஸ்பெயினில் வரும் ரொன்செஸ்வாயெஸ் ஊரை விட்டு வெளியேறும் இடத்தில் "சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா 790" என்று ஒரு பலகை உண்டு. போகிறவர் எல்லாம் அதன் கீழ் நின்று படம் எடுப்பார்கள். அது வண்டிகளுக்கான சாலைத் தூரம். அதை நடைத் தூரமாக எடுத்துக்கொண்டு, 780 கிலோமீட்டர் வழியில் 790 எப்படி வரும், இது பிரான்ஸுக்குள் எங்கோ என்று கணக்குப் போடாதீர்கள்.

கூரையும் தெருப்பெயரும்

கருங்கற்பலகை வேய்ந்த கூரை, கல் சுவர், தெருவை நோக்கி நீட்டிய மரப் பால்கனி. கலீசியா என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். அது எல் அசேபோவாக இருக்கலாம். இரும்புச் சிலுவை நிற்கும் குரூஸ் தே ஃபெர்ரோவைத் தாண்டி இறங்கும்போது வரும் முதல் உருப்படியான கிராமம் அது, லியோன் மாகாணம். கலீசியாவுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் நடக்க வேண்டும். கற்பலகைக் கூரை மலையைப் பின்தொடர்கிறது, மாநில எல்லையை அல்ல.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத் தெருப்பலகையை விடச் சிறந்தது இல்லை. தெருவுக்கு ஸ்பானிஷில் காயே, பாஸ்க் மொழியில் காலேயா, கலீசிய மொழியில் ருவா. பிரெஞ்சு வழியில் பாஸ்க் சொல் தென்பட்டால் நவார்ரா. ருவா என்றால் உடனே கலீசியா என்று எழுதிவிடாதீர்கள், போர்த்துகீசியத்திலும் ருவாதான். கலீசிய எழுத்தில் உகரத்தின் தலைமேல் ஒரு சாய்ந்த கோடு இருக்கும், போர்த்துகீசியத்தில் இருக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது இந்த மாதிரி இடங்களைத்தான்.

தூண்கள்மேல் நிற்கும் நீளமான, ஒடுங்கிய சின்னக் கட்டடம், கூரை முனையில் சிலுவை. இதைக் கல்லறை என்பார்கள், குட்டிக் கோயில் என்பார்கள். உண்மையில் அது தானியக் குதிர். ஓர்ரெயோ என்று பெயர். எலி ஏறாமல் இருக்கத் தூண் தலையில் தட்டைக் கல் வைத்திருப்பார்கள். நீளமாக ஒடுங்கியிருந்தால் கலீசியா, சதுரமாகப் பெரிதாக இருந்தால் அஸ்தூரியாஸ். வடக்குப் போர்ச்சுகலிலும் ஒடுங்கிய வகை உண்டு.

புகழ்பெற்றதைத் தேடி ஓடுவது

பல வளைவுகள் கொண்ட பழைய கல் பாலம் என்றால் எல்லாருக்கும் வாயில் வருவது புவெந்தே லா ரெய்னா. படத் தேடல் கருவியும் அதையே முதலில் காட்டித் தொலைக்கும். அங்கே தெரிவது ஆறு வளைவுகள், கீழே ஆறு நிறையத் தண்ணீர். வளைவுகள் முடிவில்லாமல் நீண்டு, பாதிப் பாலம் புல்தரைமேல் போனால் அது ஓஸ்பிதால் தே ஓர்பிகோ. மேலே அணை கட்டிய பிறகு ஆறு சுருங்கிவிட்டது, பாலம் மட்டும் பழைய நீளத்தில் நிற்கிறது. 1434-இல் சுவேரோ தே கின்யோனெஸ் என்ற வீரன் வருகிற வீரர்களையெல்லாம் ஈட்டிச் சண்டைக்கு அழைத்து நின்ற பாலம் அது.

யாத்திரிகர் சிலைகளிலும் இதே சிக்கல். தகடாக வெட்டிய இரும்பு உருவங்கள் வரிசையாகப் போனால் பாம்ப்லோனாவைத் தாண்டிய அல்தோ தெல் பெர்தோன். ஒற்றை ஆள் காற்றை எதிர்த்துத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஓ செப்ரெய்ரோ தாண்டிய சான் ரோகே கணவாய். இருவர் கையை உயர்த்தித் தூரத்தைக் காட்டினால் மோந்தே தோ கோசோ, அங்கிருந்து சாந்தியாகோ பேராலயக் கோபுரங்கள் தெரியும். கட்டடக் கலைஞர் கௌதி கட்டியதும் பிரெஞ்சு வழியில் இரண்டு இருக்கின்றன. வாசல்மேல் டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ் இருந்தால் லியோன் நகரம், பக்கத்தில் பேராலயம் ஒட்டி நிற்கும் அரண்மனை என்றால் அஸ்தோர்கா.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால் தனிக் கவனம் வேண்டும். போர்த்தோமாரின் ஊர் ஆற்றங்கரையோடு ஒட்டியிருப்பது போன்ற படத்தைப் பார்த்து, இது அந்த ஊரே இல்லை என்று சொல்லிவிடுவோம். 1960-களில் பெலேசார் அணை வந்தபோது பழைய ஊர் நீரில் மூழ்கியது. தேவாலயத்தைக் கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து மேலே கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். கோடையில் நீர் வற்றினால் பழைய ஊரின் அடித்தளங்கள் இன்றும் எட்டிப் பார்க்கும்.

நிழலும் கடிகாரமும்

பிரெஞ்சு வழி கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. காலையில் நடப்பவரின் நீண்ட நிழல் அவருக்கு முன்னால் விழும். தெற்கிலிருந்து வடக்கே போகும் போர்ச்சுகல் வழியிலும் வெள்ளி வழியிலும் காலை நிழல் இடது கைப்பக்கம் விழும். அழகான சூத்திரம்தான், ஆனால் இரண்டு ஓட்டைகள். பாதை வளையும், அது ஒன்று. படம் எடுத்தவர் எப்போதும் முன்னால் பார்த்தே எடுத்திருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்வது இன்னொன்று. காஸ்த்ரோஹெரிஸைத் தாண்டியதும் வரும் மோஸ்தெலாரெஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பி நின்று காஸ்த்ரோஹெரிஸைத்தான் எடுப்பார்கள். ஏற்றங்களில் எடுத்த படம் என்றால் பாதிக்குப் பாதி பின்னோக்கிய படம்.

அப்புறம், நேரம். நண்பரின் ஒரு படத்தில் சூரியன் அப்போதுதான் உதிக்கிறது. கோப்பில் பதிவான நேரம் காலை 10.35. ஸ்பெயினில் அவ்வளவு தாமதமாகவா விடிகிறது என்று விழித்தேன். விஷயம் எளிது. அவர் கேமராவின் கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டார். கோடையில் ஸ்பெயின் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. கைப்பேசியோ தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. இரண்டின் படங்களையும் நேரப்படி அடுக்கினால் கேமராப் படங்கள் மூன்றரை மணி தள்ளிப் போய் உட்காரும். மணிக்கு நாலு கிலோமீட்டர் நடை என்றால் அது 14 கிலோமீட்டர், அதாவது இரண்டு மூன்று ஊர் தள்ளி. அவர் ஆல்பத்தில் பாதிக் குழப்பம் இதனால் வந்தது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விமானத்திலேயே கேமரா நேரத்தை மாற்றிவிடுவது புண்ணியம்.

ஸ்பெயினின் கடிகாரமும் சற்றுக் கோணல்தான். இருக்கும் இடத்துக்கு ஒவ்வாத மத்திய ஐரோப்பிய நேரத்தை வைத்திருக்கிறார்கள். சாந்தியாகோவில் கோடையில் உச்சி வெயில் பகல் இரண்டரைக்கு மேல்தான் வரும், ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். "பன்னிரண்டு மணி, நிழல் நேர் வடக்கே" என்ற நம் பழக்கக் கணக்கு அங்கே செல்லாது.

படத்தோடு வரும் இடக்குறிப்பு இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாமே என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அது கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் நடந்துகொண்டிருப்பவர், குறிப்பாகத் தனியாக நடக்கும் பெண், இன்று போட்ட படத்துக்கு மட்டும் தயவுசெய்து எல்லாரும் பார்க்கும்படி ஊரும் விடுதியும் சொல்லாதீர்கள். அவர் அந்த இடத்தை விட்டுப் போகட்டும், பிறகு விளையாடலாம். செல்ஃபி என்றால் இடவலம் மாறியிருக்கிறதா என்று சட்டை எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில படங்களுக்கு எந்தச் சாட்சியும் கிடையாது. நண்பர் கடைசியாக அனுப்பியது அப்படி ஒன்று: நூல் பிடித்தது போல நேரான சரளைப் பாதை, இரண்டு பக்கமும் வயல், முன்னால் அவர் நிழல். மரம் இல்லை, கல் இல்லை, வீடு இல்லை. காரியோன் தே லோஸ் கோந்தேஸ் ஊருக்கும் கால்சாதியா தே லா குவேசாவுக்கும் நடுவே 17 கிலோமீட்டருக்கு ஒரு ஊரும் கிடையாது, பழைய ரோமானியச் சாலையின் தடம். காலை நேரம், அங்கேதான் என்று எழுதினேன்.

"சரி, அதில் எத்தனையாவது கிலோமீட்டர்?" என்று கேட்டார். அந்த 17 கிலோமீட்டரை நடந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது!