ஓசூருக்கு வந்த ஜெர்பரா நாற்றுகள்

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ஜெர்பரா பூச்செடி வளர்க்கிறேன். நெதர்லாந்திலிருந்து முதல் முறை நாற்று வரவழைத்தபோது பெங்களூரு விமான நிலையத்தில் சரக்கு நின்றுவிட்டது. கையில் இறக்குமதி அனுமதி இருந்தது, செடிகளைச் சோதித்து அந்த நாட்டு அரசு தரும் பைட்டோசானிட்டரி சான்றிதழும் (தாவர நலச் சான்று) இருந்தது. ஆனால் இன்னின்ன பூச்சி, நோய் இல்லை என்று நம் அனுமதி கேட்கும் கூடுதல் உறுதிமொழி வாசகம் சான்றிதழில் விட்டுப்போயிருந்தது. திருத்திய சான்றிதழ் வந்து சேர்வதற்குள் பாதி நாற்று வாடிவிட்டது. பெட்டியைப் பிரித்தபோது மனசு கனத்துப் போனது.

செடி இறக்குமதிக்கான விதிகளைச் சொல்லும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அனுமதி வாங்கிய பிறகே சரக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும். தாவரவியல் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். வேரில் மண் இருக்கவே கூடாது.

அடுத்த முறை அனுமதி கைக்கு வந்ததுமே அதன் நகலை விற்பவருக்கு அனுப்பினேன். சான்றிதழின் வரைவை முன்கூட்டியே வாங்கி, சரக்கை எடுத்துத் தரும் சுங்க ஏஜென்டும் நானும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். ஒரு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தச் சொன்னோம். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் இதுதான் முக்கியம். பெட்டிகளை அடுக்கும் மரத் தட்டில், பூச்சி பரவாதபடி மரத்தைப் பதப்படுத்தியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று போட்டோவும் கேட்டு வாங்கினேன்.

நாற்றை வளர்த்துக் கண்காணிக்கும் குடிலையும் முன்பே ஆய்வுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தேன். சரி, இந்த இரண்டாம் முறை விமான நிலையத்தில் அதிகாரிகள் சில நாற்றுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்த்து அன்றே சரக்கை விடுவித்தார்கள். ராத்திரி அத்திப்பள்ளி தாண்டி வண்டி வந்தது. விடிவதற்குள் நட்டு முடித்தோம்.