காந்தி ரோட்டிலிருந்து ஒரு பாய்மரப் பந்தய சீசனை முழுதாகப் பார்ப்பது எப்படி

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்களிடம் தங்குவார்கள். கல்கத்தா ரயில் எந்நேரத்தில் காட்பாடிக்கு வந்தாலும் கவுன்ட்டரில் ஆள் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டரை மணிக்கு விழித்திருக்கும் வேலை இருந்ததால்தான், பல நாட்டு அணிகள் ஊர் ஊராகப் போய்ப் பாய்மரப் படகில் மோதும் செயில்ஜிபி பந்தயம் எனக்கு வாய்த்தது. இப்போது என் அக்கா மகளும் "எனக்கும் சொல்லிக் கொடு மாமா" என்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். சீசன் அட்டவணை வந்தவுடன் ஒவ்வொரு ஊருக்கும் நம் நேரத்தை எழுதிவிடுங்கள். சிட்னியில் ஜனவரி, பிப்ரவரியில் நடந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அங்கே மாலை 4 என்றால் நமக்குக் காலை 10.30. நியூயார்க்கில் ஜூனில் நடந்தால் ஒன்பதரை மணி கூட்டுங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு மார்ச்சுக்கும் நவம்பருக்கும் நடுவில் பன்னிரண்டரை மணி கூட்ட வேண்டும். அங்கே சனிக்கிழமை மதியம் 2 மணி, இங்கே ஞாயிறு விடியல் 2.30. கிழமை மாறுவதைக் கவனிக்காமல் என் முதல் சீசனில் ஒரு போட்டியையே தவறவிட்டேன்.

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு நாள் போட்டி. ஒரு பந்தயம் கால் மணி நேரம்தான் ஓடும். அதனால் வேலைக்கு நடுவில் பார்க்கலாம்.

அடுத்தது படகு. எஃப்50 என்று பெயர். எல்லா அணிக்கும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற படகுதான். பதினைந்து மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் அகலம், நடுவில் துணிப்பாய்க்குப் பதில் விமான இறக்கை மாதிரி நிமிர்ந்து நிற்கும் கெட்டியான விங். வழக்கமான விங் 24 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரம். காற்று பலமாக இருந்தால் சின்னதை மாட்டுவார்கள், குறைந்தால் பெரியதை. ஆகவே போட்டி தொடங்கும் முன் எந்த விங் என்று பாருங்கள். அன்றைய காற்றைப் பற்றிப் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: காற்றால் ஓடும் படகு காற்றைவிட வேகமாக எப்படிப் போகும்? 2022இல் பிரான்ஸ் அணி 99.94 கிலோமீட்டர் வேகம் தொட்டது. 2025இல் ஜெர்மனியின் சாஸ்னிட்ஸில் டென்மார்க் அணி 100ஐத் தாண்டியது. எனக்கு இது புரிந்தது டிவிஎஸ் 50இல்தான். மே மாத மதியம், மரத்தில் ஒரு இலை அசையாது. ஆனால் வண்டியில் நாற்பதில் போனால் முகத்தில் நாற்பது வேகக் காற்று அடிக்கும். அது நாமே உண்டாக்கிய காற்று. படகும் அப்படித்தான். அடிக்கிற காற்று அதை நகர்த்துகிறது, நகர்ந்ததால் வரும் காற்றும் அதோடு சேர்கிறது, இரண்டும் கலந்த காற்றைத்தான் விங் பிடிக்கிறது. தண்ணீர் பிடித்து இழுக்காமல் இருந்தால் போதும், வேகம் ஏறிக்கொண்டே போகும். அதற்குத்தான் அடியில், தண்ணீருக்குள் இறக்கை மாதிரி இருக்கும் ஃபாயில் என்கிற தகடுகள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி என்பதால், இத்தனை சிறிய தகடு அத்தனை பெரிய படகை மேலே தூக்கிவிடுகிறது. படகின் இரண்டு உடலும் தண்ணீரைவிட்டு எழும்பும் அந்த நொடியை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். இன்னும் அலுக்கவில்லை.

காற்றைப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் ஒருவர். மனைவியின் வைத்தியத்துக்காக ஒரு மாதம் எங்கள் லாட்ஜில் இருந்தார். தூக்கம் வராமல் கீழே வந்து உட்காருவார். "இதையும் கட்டுமரம்னுதான் சொல்றாங்கய்யா" என்று போனைக் காட்டினேன். சிரித்தார். "கட்டுமரம்னா கட்டையைச் சேர்த்துக் கட்டுறது தம்பி. இது ரெண்டு படகைப் பாலம் போட்டுச் சேர்த்தது" என்றார். சரியாகச் சொன்னார். சோழமண்டலக் கரையில் கேட்ட நம் சொல்லை இங்கிலாந்துக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் தன் பயணப் புத்தகத்தில் எழுதினார். பின்னால் அந்தப் பெயர் பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகு வகையில் போய் ஒட்டிக்கொண்டது. பெயர் மட்டும்தான் நம்முடையது.

பிறகு அவர் திரையைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "படகைப் பாக்காத, தண்ணியப் பாரு. கருத்து வர்ற இடத்துல காத்து இருக்கு." தண்ணீர் சுருங்கி நெளிகிற இடம் மேலிருந்து பார்க்கக் கருப்பாகத் தெரியும். நல்ல ஓட்டுநர் அதைத் தேடித்தான் போகிறார். பழக வேண்டுமானால் மழைக்குப் பிறகு கோட்டை அகழிக்குப் போங்கள். சாயங்காலம் சுவரோரம் நின்றால் காற்று தண்ணீரில் நடந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் நமக்கு இருக்கிற நல்ல பள்ளிக்கூடம் அது.

விதிகளில் இரண்டு போதும். வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கம் வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று வரும் திசையில் இருப்பது விலக வேண்டும். எல்லைக்கோட்டைத் திரையில் வரைந்தே காட்டுவார்கள். அதைத் தாண்டினாலும் தொடக்கக் கோட்டை முந்திக் கடந்தாலும் அபராதம்.

புள்ளிக் கணக்குக்கு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 10, அடுத்து 9, 8 என்று இறங்கும். அவற்றைக் கூட்டி முதல் மூன்று அணிகள் அந்த ஊர் இறுதிக்குப் போகும். ஊரில் கடைசியாகப் பிடித்த இடத்துக்குத் தனியாக மறுபடி 10, 9, 8. இதுதான் சீசன் கணக்கு. மோதினால் புள்ளி வெட்டுவார்கள், அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். சீசன் முடிவில் தலையில் இருக்கும் அணிகளுக்குள் ஒரே ஒரு பந்தயம், ஜெயிப்பவருக்கே கோப்பை. 2024இல் முடிந்த சீசனில் கடைசிப் பந்தயத்துக்கு முன் புள்ளிக் கணக்கில் நியூசிலாந்துதான் மேலே இருந்தது; ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் டியேகோ போட்டினின் ஸ்பெயின் அணி 20 லட்சம் டாலரையும் கோப்பையையும் கொண்டுபோனது. இது நியாயமா என்று இன்னும் எனக்குள் வாதம் ஓடுகிறது. ஒரு சீசன் உழைப்புக்குக் கால் மணி நேரம் தீர்ப்பு சொல்வதை என் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் யூடியூபில் பழைய பந்தயம் பார்க்க ஆரம்பிப்பதானால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் பட்டியலின் கீழ்ப் பாதியிலிருந்து. மேலே இருப்பவர்களுக்கு ஜெயிப்பது பழகிவிட்டது. என் அக்கா மகள் பிரேசிலை எடுத்தாள்; அதை ஓட்டுபவர் மார்ட்டினி கிரேல், இந்தப் போட்டியில் படகு ஓட்டிய முதல் பெண். 2025 ஜூனில் நியூயார்க்கில் அவர் ஒரு பந்தயத்தை ஜெயித்தபோது இங்கே ராத்திரி. வாசலில் ஆட்டோவிலிருந்து ஒரு குடும்பம் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அவளுக்கு போன் போட்டேன்.

கடைசிப் போட்டியைத் தனியாகப் பார்க்காதீர்கள். 2025 சீசன் நவம்பர் 30இல் அபுதாபியில் முடிந்தது. நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான், டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே பார்க்க முடிந்தது. சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில், போனை டிபன் கேரியரில் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் கோட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் படகுகளைப் பார்க்கவே இல்லை. திரையின் மூலையில் விரல் வைத்து, "மாமா, அங்க கருப்பா வருது பாரு" என்றாள்.