கடலுக்குப் போகும் குப்பையைக் கானிலேயே மறிப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கி, புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். அங்கே ஒதுங்கிக் கிடக்கும் குப்பையெல்லாம் கப்பல்காரர் வீசியது என்றே பலரும் சொல்லுகிறார்கள். குனிந்து பார்த்தால் மிளகாய்த்தூள் பைக்கற்று, யோகட் கோப்பை, ஷாம்பு சசே, சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் ஷீட் என்று நம்முடைய வீட்டுச் சாமான்களே கிடக்கும். இவற்றிற் பெரும்பாலானவை மழைநீரோடு வீதிக் கானில் (வடிகாலில்) இறங்கி, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகவும், வடக்கே மட்டக்குளிப் பக்கம் களனி கங்கை வழியாகவும் கடலைச் சேருகின்றன. ஆகவே கடற்கரையைக் கூட்டப் புறப்படுவதற்கு முன்னர் நம் வளவுக் கானைப் பார்ப்பதே சரியான வரிசை.

மாடிக் குடியிருப்பாயின், கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் வீதிக் கானோடு சேரும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த வாயின் அளவுக்கு ஒரு மரச்சட்டம் அடித்து, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பிவலையை அதிற் பொருத்தி, சாய்வாக நிறுத்துங்கள். சீமெந்து பூசி நிரந்தரமாக்க வேண்டாம். கையால் கழற்ற முடியாத வலையை ஒருவரும் துப்புரவு செய்யமாட்டார்கள். வாரத்தில் இரண்டு தடவையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வலையில் அடைத்ததை அள்ளிவிட வேண்டும். தவறினால் முற்றத்தில் வெள்ளம் நிற்கும், தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பும் பெருகும். முதல் மாதம் அள்ளியவற்றை ஒரு பழைய பத்திரிகையில் பரப்பி, எது அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் முதலிடம் பிடித்தது சொப்பிங் பை அல்ல, ரொபித் தாள். படிக்கட்டின் கீழே ஒரு வாளி வைத்ததும் அது பாதியாகக் குறைந்தது.

சமையலறையில் கவனிக்க வேண்டியது எண்ணெய். கொழும்பின் பழைய கழிவுநீர்க் குழாய்த் தொகுதி வெள்ளவத்தையிலும் வடக்கே முகத்துவாரப் பக்கத்திலும் கடலுக்கடியில் நீளும் குழாய்களில் முடிகிறது. வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவது அந்தக் குழாயை அடைப்பதும் கடலில் ஊற்றுவதுமாகும். ஆறவிட்டுப் போத்தலில் சேர்த்துவையுங்கள். சட்டியைக் கழுவுமுன் பழைய கடதாசியால் துடையுங்கள். கறி ஒட்டிய பொலித்தீனை மீள்சுழற்சிக்கு எடுப்பாரில்லை என்பதால் கழுவி, உலர்த்தி, தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். எரிப்பது கூடவே கூடாது. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளின் விற்பனை 2023 ஒக்டோபரிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. வெடித்து உதிரும் பழைய தட்டுகளை வைத்திருப்பவர்கள் பிரம்புத் தட்டுக்கு மாறலாம், இடியப்பமும் அதில் நன்றாக அவியும்.

இவ்வளவும் நடந்த பிறகு கரைக்குப் போகலாம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் தான் வாங்கியதைத் திருப்பி எறியும். அப்போது குப்பை அதிகம், அலையும் அதிகம். பிள்ளைகளை அழைத்துச் செல்வதாயின் கடல் அடங்கிய மாதங்களைத் தெரிவுசெய்யுங்கள். கறுப்புப் பொலித்தீன் பைகளுக்குப் பதிலாக வெற்று அரிசிச் சாக்குகளைக் கொண்டு போங்கள். பாறையில் சிக்கிய வலைத்துண்டை இழுக்காமல் கத்தியால் அறுத்தெடுங்கள், கடற்பாசியை விட்டுவிடுங்கள். சாக்குகளை யார், எத்தனை மணிக்கு ஏற்றிச் செல்வார்கள் என்பதை மாநகர சபையுடன் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், காகமும் நாயும் மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்பப் பரப்பிவிடும்.

பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருளாகிய சிறுமணிகளுக்கு, அதாவது குருணைகளுக்கு, வேறு முறை வேண்டும். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றி ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் குருணைகள் சிந்தின. வெண்ணிறத்தில் பயறளவில் இருப்பவற்றோடு, தீயில் உருகிச் சாம்பல் நிறமாக ஒட்டிய கட்டிகளும் உண்டு. உயர் அலை விட்டுச்சென்ற கோட்டில் மேல்மணலை இரண்டு அங்குல ஆழத்துக்குச் சிரட்டையால் வழித்து, கடல்நீர் நிரப்பிய வாளியில் போட்டுக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், குருணை மிதக்கும். தேநீர் வடியால் அரித்தெடுத்து, மணலை அதே இடத்தில் கொட்டுங்கள். கையுறை அவசியம். புதிதாகக் குவியலாக ஒதுங்கினால் அள்ளாமல், நேரமும் இடமும் குறித்துப் படமெடுத்து, 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவியுங்கள். எண்ணெய்ப் படலத்துக்கும் இதுவே முறை.

கடல் வளத்தைக் காப்பது மீன் சந்தையிலும் நடக்கும் காரியம். விரைவில் பெருகும் சூடை, சாளை, கீரி மீன்களை வாரத்தில் அதிக நாட்களுக்கு வைத்துக்கொண்டு, அறக்குளாவையும் பாரையையும் விசேட நாட்களுக்கு ஒதுக்குங்கள், செலவும் குறையும். கையளவு அறக்குளாக் குஞ்சை மலிவென்று வாங்குவது அடுத்த ஆண்டின் மீனை இன்றே தின்பதாகும். சிங்கி இறாலைப் பெப்ரவரி, செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பிடிப்பது தடை. மற்ற மாதங்களிலும் வாங்குமுன் புரட்டி, வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பிடித்திருக்கவே கூடாதது. உடலளவுக்கு வால் நீண்ட சுறாவும் 2012 முதல் தடைசெய்யப்பட்டது.

மீன்காரர் வழக்கம்போல இரண்டு பைகளை உதறி விரிப்பார். அவர் விரிக்குமுன் மூடியுள்ள ஏதனத்தை நீட்டி, "அண்ணை, இதுக்குள்ளை போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள்; மீனை வெட்டத் தொடங்கிய பிறகு சொன்னால் கைவாக்கில் பை வந்துவிடும்.