பலாலி விமானத்தில் போக முன்: ரிக்கற் போடுவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை

பலாலியில் இருக்கும் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையத்துக்கு இந்தியாவிலிருந்து வந்து போவது ஏ.ரி.ஆர் 72 எனப்படும் காற்றாடி விமானம். ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர். ஏ320 போன்ற ஜெற் விமானம் நிறைந்த பாரத்தோடு இறங்கி ஏற அது காணாது. அதனால்தான் இந்திய நிறுவனமான இண்டிகோ இங்கே அனுப்பும் விமானத்தில் 78 இருக்கைகள் மட்டும். கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்காவில் ஒரு விமானம் தவறினால் அன்றைக்கே வேறொன்றில் ஏற வழியிருக்கும். பலாலியில் தவறினால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். ரிக்கற் எடுக்கும்போதும் பெட்டி கட்டும்போதும் இதை மனதில் வைத்திருங்கள்.

2019 நவம்பரில் அலையன்ஸ் எயர் என்ற இந்திய நிறுவனம் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவோடு அது நின்று, 2022 டிசெம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பர் 1 இல் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 இல் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. அந்த மார்ச் 30 தற்செயலான நாள் இல்லை. உலகம் முழுவதும் விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறும். 2026 இல் அவை மார்ச் 29, ஒக்ரோபர் 25. புதிய சேவை தொடங்குவது, நேரம் மாறுவது, ஓடாத வழியை நிறுத்துவது எல்லாம் பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டித்தான் நடக்கும். தைப்பூசத்துக்கோ கலியாணத்துக்கோ மாதக்கணக்கில் முன்கூட்டி ரிக்கற் போடுகிறவர்கள், பயண நாள் இந்த எல்லைக்கு அந்தப் பக்கம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், எல்லை நாளுக்கு ஒரு மாதம் முன்னும் பயணத்துக்கு ஒரு கிழமை முன்னும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ரிக்கற்றில் இருக்கும் பி.என்.ஆர் என்ற பதிவு இலக்கத்தைப் போட்டு நேரத்தைச் சரிபாருங்கள்.

இங்கே அதிகம் பேர் மாட்டுப்படுவது ஏஜென்சியில் எடுத்த ரிக்கற்றால்தான். பதியும் அவசரத்தில் அவர்கள் தங்கள் கடைத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். விமானம் மூன்று மணி நேரம் முந்தினாலும் அறிவித்தல் கடைக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. காசு கட்ட முன்னரே உங்கள் வட்ஸ்அப் எண்ணையும் மின்னஞ்சலையும் எழுதிக் கொடுத்து, ரிக்கற்றில் அவை இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிவைத் திறந்து தொடர்பு விபரத்தைத் திருத்தப் பாருங்கள். திருத்த விடாவிட்டால் அதே கடையைக் கொண்டு செய்வியுங்கள்.

நிறுவனம் தானாக விமானத்தை இரத்துச் செய்தால் மாற்று விமானமா, முழுக் காசா என்று தெரிவு செய்யும் உரிமை உங்களுடையது. குறுஞ்செய்தியில் வரும் ‘ஏற்கிறேன்’ பொத்தானை உடனே அமுக்க வேண்டாம். அமுக்கினால் புது நேரத்துக்குச் சம்மதித்ததாக ஆகிவிடும். சென்னையிலிருந்து போக வேண்டிய மற்ற விமானம், அறை, விசா நாள் மூன்றையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மழை, புயல் காரணமான இரத்துக்கு நட்டஈடு கிடையாது. ரிக்கற் காசைக் கேட்கலாம்.

சென்னையில் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவர்களும், ரொறன்ரோ, லண்டனிலிருந்து சென்னை வழியாக ஊருக்கு வருகிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருந்து, பெட்டி கடைசி இடம்வரை போவதாக இருந்தால், 24 மணி நேரத்துக்குள் மாறுகிறவர் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் இந்திய விசா இல்லாமலே போகலாம். மலிவு பார்த்துத் தனித்தனியாக ரிக்கற் எடுத்தால் கதை வேறு. சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்கக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும். விசா இல்லையென்றால் புறப்படும் ஊரிலேயே ஏற்ற மாட்டார்கள். 30 நாள் இ-விசாவில் இரண்டு முறைதான் நுழையலாம் என்பதையும் போக்குவரத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். விண்ணப்பத்தைக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக, இந்திய அரசின் இணையத்தளத்தில் மட்டும் போடுங்கள். அதேபோலத் தோற்றமுள்ள போலித் தளங்கள் பல இருக்கின்றன. இந்தியாவில் இறங்க முன் 72 மணி நேரத்துக்குள் இலவச இ-வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ உள்நாட்டு விமானம் பிடிப்பவர்களும் சென்னையிலேயே குடிவரவு, சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். இடைவெளி நான்கு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. தனி ரிக்கற் என்றால் இரவு தங்கிப் போவதே நிம்மதி.

இனிப் பெட்டி. அனுமதிக் கிலோ நிறுவனத்துக்கும் கட்டண வகைக்கும் ஏற்ப மாறும். போன முறைக் கணக்கை நம்பாமல் ரிக்கற்றில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். வீட்டுத் தராசில் நிறுத்து, ஒன்றரைக் கிலோ குறைத்தே கட்டுங்கள். ஏ.ரி.ஆரின் தலைக்கு மேலான தட்டு சிறியது. ஜெற்றில் கொள்ளும் சில்லுப் பெட்டி இதில் கொள்ளாமல் விமான வாசலிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, நகை, பவர்பாங்க் நான்கையும் ஒரு சின்னத் தோள்பையில் பிரித்து வைத்திருங்கள். பவர்பாங்க் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. மிளகாய்த்தூள், ஊறுகாய், நல்லெண்ணெய் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் போடுங்கள். தூளை இரட்டைப் பொலித்தீனில் கட்டி, வாயை ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு பழைய துவாயால் சுற்றினால் உடுப்பு தப்பும். ஒடியல் மா, பனங்கட்டி பெட்டிக்குள் போகட்டும். கொப்பறாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று அது ஆபத்தான பொருள் பட்டியலில் இருக்கிறது.

ஏறுவதும் இறங்குவதும் பின்கதவால். முழங்கால் வருத்தக்காரரும் வயதானவர்களும் பின்வரிசை கேட்டு எடுத்தால் நடை குறையும், காற்றாடிச் சத்தமும் குறைவு.

பலாலி யாழ். நகரிலிருந்து 16 கிலோமீற்றர் அளவு வடக்கே. இரண்டரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். விமானம் புறப்பட நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் கெஞ்சியும் பலனில்லை.

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மாரி. மூட்டத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால் விமானம் இறங்காமல் வந்த இடத்துக்கே திரும்பும். அப்படித் திரும்பிப் போகத் தேவையான எரிபொருளையும் ஏற்றி வர வேண்டியிருப்பதால், பாரம் கூடிய நாளில் சில பெட்டிகள் பின்தங்கும். சத்திரசிகிச்சை, பரீட்சை, கலியாணம் என்று தவறக்கூடாத அலுவல் இருந்தால் அந்த மாதங்களில் ஒரு நாள் முன்னதாகப் போங்கள். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலை அப்போது மாற்று வழியாக நம்ப வேண்டாம், அதையும் மாரிக் கடல் நிறுத்திவிடும்.

பெட்டி வரவில்லையென்றால் சுங்கத்தைத் தாண்ட முன்னரே நிறுவன ஊழியரிடம் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி இலக்கத்தை வாங்குங்கள். போர்டிங் அட்டையில் ஒட்டிய பெட்டித் துண்டைப் படம் எடுத்து வையுங்கள். முகவரியில் வீதியோடு கிட்டடிக் கோயில் அல்லது சந்தியின் பெயரையும், பகலில் வீட்டில் நிற்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள், பெட்டி மறுநாள் விமானத்தில்தான் வரும்.