வீடு குகையில், வேலை ஏற்காட்டில்: ஓட்டு எங்கே பதிவது?

மூன்று வருடமாக ஏற்காட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா இருப்பது சேலம் குகையில் (வெளியூர்க்காரர்களுக்கு: குகை என்பது இங்கே ஒரு பேட்டையின் பெயர், நாங்கள் பாறைக்குள் வசிக்கவில்லை). ஓட்டை மலைக்கு மாற்றப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பத்திரம் உன் பேர்லதானே இருக்குது, அப்புறம் எதுக்குடா மாத்தணும்?" என்பதுதான். முதல்முறை விண்ணப்பிக்கும் பலரும் சறுக்குவது இதே இடத்தில்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் படி: நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று முடிவு செய்வது

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது 2 விஷயம்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். பூர்வீகம், குலதெய்வம், பட்டா எதையும் அது கேட்கவில்லை. சொல்லப்போனால் 20-ஆம் பிரிவு, ஒரு இடத்தில் வீடு வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே குடியிருப்பவராகக் கொள்ள முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தற்காலிகமாக வெளியூர் போயிருந்தால் குடியிருப்பு போய்விடாது.

இந்த இரண்டையும் மலையில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். வருடத்துக்கு இரண்டு முறை, அதிலும் மே மாதக் கோடை விழாவுக்கு மட்டும் வந்து தங்கும் வில்லா முதலாளிக்கு ஏற்காட்டில் ஓட்டு இல்லை. நாகலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மாதம் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்த் திரும்பும் தொழிலாளிக்கு உண்டு, அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாவிட்டாலும். எத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்று பலரும் ஆறு மாதக் கணக்கு சொல்வார்கள். இந்தப் பிரிவில் அப்படி நாள் கணக்கு எதுவும் இல்லை. வழக்கமாக எங்கே படுத்து எழுகிறீர்கள், போனால் எங்கே திரும்பி வருகிறீர்கள், அவ்வளவுதான்.

ஹாஸ்டல் மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பெரியார் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிப்பவர் விடுதி முகவரியிலும் பதியலாம், ஊர் முகவரியிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம், ஏதாவது ஒன்றில்தான். விடுதியைத் தேர்ந்தெடுத்தால் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று வேண்டும். அஸ்தம்பட்டி மத்திய சிறையில் இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த முகவரிக்காரர் ஆக மாட்டார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி, விண்ணப்பிப்பது படிவம் 6ஏ-வில்.

இரண்டாவது படி: அந்த முகவரி எந்தத் தொகுதி

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். மாநகருக்குள்ளேயே மேற்கு, வடக்கு, தெற்கு என்று பிரித்திருப்பதால் நாலு தெரு தள்ளி வீடு மாறினாலும் தொகுதி மாறக்கூடும். என் கதையில் மாற்றம் இன்னும் பெரியது. குகையில் இருந்தால் சேலம் தெற்கு, எம்.பி.யும் சேலம். மலைக்கு வந்தால் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, அது கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது! ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி என்பதால் "நமக்கு அங்கே ஓட்டு கிடையாதே" என்று ஒரு நண்பர் சொன்னார். வேட்பாளர்தான் பழங்குடியினராக இருக்க வேண்டும், ஓட்டு அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் உண்டு.

மூன்றாவது படி: படிவம் 6-ஆ, 8-ஆ

வாக்காளர் பட்டியலில் இதுவரை பெயரே இல்லை என்றால் 6. ஏற்கெனவே எங்காவது இருந்து வீடு மாறியிருந்தால் 8. தயவுசெய்து இதில் குழம்ப வேண்டாம். பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக 6 போட்டால் இரண்டு இடத்தில் பெயர் வரும், அது 17, 18-ஆம் பிரிவுகளுக்கு எதிரானது. பொய்யான உறுதிமொழிக்கு 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. புதியவர்களுக்கு 18 வயது நிரம்பியதா என்று பார்க்க ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன, முன்பு போல ஜனவரிக்காக வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம்.

நான்காவது படி: முகவரிச் சான்று (இங்கேதான் பொறுமை போகும்)

மின்சாரம், தண்ணீர் அல்லது கேஸ் பில், ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், நில ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், இவற்றில் ஒன்று போதும். ஆனால் வாடகை வீட்டில் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், எஸ்டேட் லைன் வீட்டில் எஸ்டேட் பெயரில். கையிலிருக்கும் 11 மாத அக்ரிமென்ட்டோ வெறும் பத்திரத்தாளில் எழுதிய, பதிவு செய்யாத ஒன்று. என் வீட்டுக்காரர் வேறு, பட்டியலில் பெயர் ஏறினால் வீட்டில் எனக்கு உரிமை வந்துவிடும் என்று பயந்தார். அப்படி ஒரு உரிமையும் வராது என்று புரியவைக்க இரண்டு டீ ஆனது.

நான் செய்தது, முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டு அதையே சான்றாகக் கொடுத்தது. இதுதான் சுலபம் என்பேன். எந்தச் சான்றும் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், நேரில் வந்து கட்டாயம் விசாரிப்பார்கள். வீடே இல்லாதவருக்கும் வழி உண்டு: அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., இரவில் வந்து பார்ப்பார்.

ஐந்தாவது படி: விண்ணப்பமும் விசாரணையும்

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் போடலாம், பி.எல்.ஓ.விடம் தாளாகவும் கொடுக்கலாம். படிவம் 6-இல் எந்த மாதம், வருடத்திலிருந்து இங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும், உத்தேசமாக எழுதாமல் யோசித்து எழுதுங்கள். குறிப்பு எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.

எங்கள் பி.எல்.ஓ. அக்கா ஒரு சாயங்காலம், மூடுபனி இறங்கும் நேரத்தில் வந்தார். ஆதாரைப் பார்த்ததைவிட, மூன்று நாளாகக் காயாமல் கொடியில் தொங்கிய என் ஸ்வெட்டரையும் அடுப்பிலிருந்த குக்கரையும்தான் அதிகம் பார்த்தார். பக்கத்து வீட்டில், "இந்தத் தம்பி இங்கதான் இருக்காருங்களா?" என்று ஒரு வார்த்தை. முடிந்தது.

நிராகரித்துவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கவே முடியாது.