பிள்ளைக்கு முதல் படம் போடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

என் மகளுக்கு மூன்றரை வயதானபோது, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவளுக்கு முதன்முதலாக ஒரு படம் போட்டேன். எல்லாரும் புகழும் கார்ட்டூன் படம்தான். கொஞ்ச நேரத்திலேயே கதையில் அம்மா செத்துப் போனாள். பிள்ளை அடுப்படிக்கு ஓடி, என் மனைவியின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே! எனக்கு நல்ல திட்டு. முன்னாடியே பார்க்காமல் போட்டது என் தப்பு. இப்போது அவளுக்கு ஐந்து வயது. இடையில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் படி: நீங்கள் பாருங்கள்

பிள்ளை தூங்கிய பிறகு முழுப் படத்தையும் சத்தத்தோடு பாருங்கள். ஓட்டி ஓட்டிப் பார்த்தால் போதாது. சின்னப் பிள்ளைகள் பின்னணி இசைக்கும் பயப்படுவார்கள். ‘யு’ முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எது பயம் என்று தணிக்கை வாரியத்துக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் படி: சின்னதாகத் தொடங்குங்கள்

முழுப் படத்துக்கு முன்னால் பழைய தமிழ்ப் படப் பாட்டு ஒன்று போடலாம். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டியும் பக்கத்தில் வந்து உட்காருவார்.

அப்புறம், பேச்சு குறைந்த குறும்படம். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். கீழே ஓடும் எழுத்தையோ இன்னும் படிக்கத் தெரியாது. நான் எடுத்தது ‘தி ரெட் பலூன்’. ஆல்பர்ட் லமோரிஸ் 1956-இல் எடுத்த பிரெஞ்சுப் படம், ஏறக்குறைய 35 நிமிடம். பாரிஸ் தெருக்களில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு சிவப்பு பலூன் நாய்க்குட்டி மாதிரி சுற்றும். பையனாக நடித்தது இயக்குநரின் சொந்த மகன். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தப் படம் அதற்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: கூடம்

விளக்கு எரியட்டும். அடுத்த படம் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் அதை ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும். நேரம் காலை என்றால் நல்லது. கோலாலம்பூரில் மாலை மழை பிடித்து இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கத்தான் ஓட வேண்டியிருக்கும். நான்கு வயதுக்குள் பாப்கார்ன் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பீசாங் கோரெங் (மாவில் பொரித்த வாழைப்பழம்) ஆறவைத்துக் கொடுங்கள்.

நான்காம் படி: பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள்

முக்கியமான படி இதுதான். ஜப்பானில் ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, படம் ஓட ஓடக் கதை சொல்லுவார். ‘பென்ஷி’ என்று பெயர். சிலருக்கு நடிகர்களைவிடப் பேர் அதிகமாம். வீட்டில் அந்த வேலை உங்களுக்கு. சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். ஆனால் ஓயாமல் பேச வேண்டாம். “ஐயோ, பஸ்ஸில் பலூனை ஏற்ற மாட்டேங்கிறாங்க!” இவ்வளவு போதும். “இது என்ன நிறம், எத்தனை இருக்கு” என்று வகுப்பு எடுத்தால் பிள்ளை எழுந்து போய்விடும்.

கடைசியில் முரட்டுப் பையன்கள் கல்லெறிய, பலூன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். என் மகள் என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் படத்தை நிறுத்தி, “போதுமாம்மா?” என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். ஊரிலுள்ள பலூனெல்லாம் பறந்து வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, எழுந்து டிவிகிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “அப்பா, என் மீனு எங்க?” அந்த வருடம் பத்துமலைத் தைப்பூசத்தில் அவள் கையை விட்டுப் பறந்துபோன மீன் பலூனைத் தேடியிருக்கிறாள்.

ஐந்தாம் படி: பாதியில் விடலாம், திரும்பவும் போடலாம்

எழுந்து போனால் விட்டுவிடுங்கள். அதே படத்தைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் போடுங்கள். நமக்குத்தான் சலிக்கும்.

ஆறாம் படி: முழு நீளப் படம்

நாலரை வயதில் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘மை நெய்பர் டொடோரோ’ (1988) என்ற கார்ட்டூன் படம் போட்டேன். 86 நிமிடம், வில்லனே கிடையாது. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாங்கள் இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்துப் பார்த்தோம். மழையில் பஸ் நிறுத்தத்தில் டொடோரோ என்ற அந்தப் பெரிய காட்டுப் பூதம் குடையில் விழும் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போய் ஒரு குதி குதிக்கும், மரத்திலிருந்த தண்ணீரெல்லாம் தடதடவென்று கொட்டும். அந்தக் காட்சிக்கு மட்டும் நான் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலம் மழை வந்ததும் பிள்ளை குடையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குக் கிளம்பிவிட்டாள். மாற்று உடையைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.