பைபிள் ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பு

வேலை மாற்றம், வாடகை வீடு மாறுவது, பிள்ளை படிக்க வெளியூர் போவது என்று எது வந்தாலும், "இதில் ஆண்டவர் என்ன சொல்கிறார்?" என்று அன்றைக்கே பதில் தேட வேண்டாம். பெரும்பாலும் கிடைக்காது. அன்று வாசித்த வசனத்தின் ஓரத்தில் தேதியையும் நடந்ததையும் மட்டும் எழுதி வையுங்கள். "பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தோம்" என்கிற அளவு போதும். பென்சில்தான் நல்லது, பால்பாயிண்ட் மை அந்த மெல்லிய தாளில் பின்பக்கம் தெரியும்.

நம் ஊரில் எத்தனையோ கிறிஸ்தவ வீட்டு வாசலில் 'எபெனேசர்' என்று எழுதியிருக்கும். 1 சாமுவேல் 7:12-ல் சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர் அது. "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்பது எல்லாருக்கும் மனப்பாடம். சரி, 4-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். எபெனேசருக்கு அருகே பாளயமிறங்கிய இஸ்ரவேலர் அங்கே தோற்று, கற்பனைப் பலகைகள் இருந்த பரிசுத்த உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்தார்கள். அந்தப் பெட்டி திரும்பி வந்து கீரியாத்யாரீம் என்ற ஊரில் 20 வருஷம் கிடந்த பிறகுதான் இந்தக் கல். அவர்களும் 'இம்மட்டும்' என்று சொல்ல இத்தனை காலம் ஆனது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்புமுன் ஓரக் குறிப்புகளை ஒருமுறை புரட்டுங்கள். சிலவற்றுக்கு அப்போதும் அர்த்தம் பிடிபடாது. அழிக்காமல் விட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.